யாரைக் கொடுப்பது?

அறம் செய்யப் புகுந்தோர் யாவரும் ஒரு நாள் ஒரு வினாவின் முன் நின்றே தீர வேண்டும். பலருக்கு நன்மை கிட்டும்பொருட்டுச் சிலரைக் கைவிடலாமா என்பதே அவ்வினா. தீயோர் இதனைக் கேட்பதில்லை. அவர்களுக்கு அது வேண்டுவதுமில்லை. நல்லோரே இவ்வினாவால் அலைக்கழிக்கப்படுகின்றனர். ஆதலின் இக்கட்டுரையில் கொடியோரைப் பற்றி யான் மிகுதியாகப் பேசப் போவதில்லை. நல்லோர் சிலரின் செயலைத் தம்மத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

விசுத்தி மார்க்கம் என்னும் பெருநூலின் பெயரை அன்பர்கள் கேள்வியுற்றிருப்பர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து அதனை இயற்றியவர் ஆசாரியர் புத்தகோசர். தாம் முன்னர்க் காஞ்சியில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலொன்றின் முடிவில் அவரே குறித்துள்ளார். அவர் மைத்திரி தியானத்தை விளக்குமிடத்தில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார்.

ஓரிடத்தில் நால்வர் அமர்ந்துள்ளனர். முதல்வர் தியானம் பயிலும் பிக்கு. இரண்டாமவர் அவருக்கு அன்பர். மூன்றாமவர் நட்பும் பகையும் இல்லாத நொதுமலர். நான்காமவர் பகைவர். அங்கே கள்வர் வந்து, உங்களுள் ஒருவரை எமக்குக் கொடும், கொன்று அவர் குருதியைப் பலியிட வேண்டும் என்று பிக்குவிடம் கேட்கின்றனர். இன்னாரைக் கொண்டுபோகட்டும் என்று பிக்கு நினைப்பாராயின், அவர் உள்ளத்தில் எல்லைகள் தகரவில்லை. என்னைக் கொண்டுபோகட்டும், இம்மூவரையும் விட்டுவிடட்டும் என்று நினைத்தாலும் எல்லைகள் தகரவில்லை என்கின்றார் ஆசாரியர். நால்வருள் கள்வரிடம் கொடுக்கத்தக்கவர் எனத் தம்மையோ பிறரையோ காணாத உள்ளமே எல்லையைத் தகர்த்த உள்ளம். பாலி மொழியில் இதற்குச் சீமாசம்பேதம் என்று பெயர்.

இது குகையில் அமர்ந்து தியானம் செய்வார்க்கு மட்டும் உரிய பாடமா? அன்று. ஊரைத் திருத்தப் புறப்படுவோர்க்கும் இதுவே பாடம். அதனை ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டலாம் என்று எண்ணுகின்றேன். அந்நாட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நமக்குத் தம்மத்தின் வாயிலைத் திறந்து வைத்த பாபாசாகேப் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க் நகரில் இறங்கி, 1916 வரை கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பயின்றார். அவர் பயின்ற அவ்வாண்டுகளில் அந்நாட்டில் சீர்திருத்த இயக்கங்கள் உச்சத்தில் இருந்தன. அவர்தம் ஆசிரியராகிய ஜான் டூயி அவ்வியக்கங்களுள் பலவற்றில் பங்கு கொண்டவர். நம் தலைவர் மாணவராய் வாழ்ந்த அந்நாட்டின் நன்மையையும் குறையையும் நாம் அறிந்து கொள்ளுதல் தகும்.

ஏறத்தாழ 1890 முதல் 1920 வரையுள்ள முப்பதாண்டுகளை அமெரிக்க வரலாற்றாசிரியர் முற்போக்குக் காலம் என்பர். இரும்புப் பாதையும் எஃகும் எண்ணெயும் சில கைகளில் குவிந்திருந்த காலம் அது. நகரங்களில் ஆலைகள் பெருகின. ஆலைகளைச் சுற்றிச் சேரிகள் பெருகின. 1900ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 10 வயது முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருள் கூலிக்கு உழைத்தோர் தொகை 17 இலட்சத்து 50 ஆயிரம்.

இக்கொடுமையைக் கண்டு நல்லோர் பலர் எழுந்தனர். 1889இல் ஜேன் ஆடம்ஸ் என்னும் பெண்மணி தம் தோழி எல்லன் ஸ்டாருடன் சிகாகோ நகரின் ஏழை மக்கள் நடுவே ஹல் இல்லம் என்னும் மனையை ஏற்படுத்தி, அங்கேயே வாழத் தொடங்கினார். செல்வர் வீட்டில் பிறந்தவர் ஏழையின் தெருவிலேயே குடியேறியது அந்நாளில் வியப்புக்குரிய செய்தி. அவ்வில்லத்தில் வாழ்ந்த புளோரன்ஸ் கெல்லி அம்மையாரின் முயற்சியால் 1893இல் இல்லினாய் மாநிலம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. சிறுவர் உழைப்பை அது கட்டுப்படுத்தியது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என வரையறுத்தது. அவ்வெட்டு மணி விதியை 1895இல் அம்மாநில உயர்நீதி மன்றம் செல்லாதெனத் தள்ளிற்று; எனினும் அம்மையார் தளரவில்லை.

1911 மார்ச்சு 25ஆம் நாள் நியூயார்க் நகரில் டிரையாங்கில் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. கதவு பூட்டியிருந்தமையால் வெளியேற வழியின்றியும், மேல்மாடியிலிருந்து குதித்தும் 146 தொழிலாளர் மாண்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து குடியேறிய இளம் பெண்கள். அத்தீயைத் தெருவில் நின்று கண்ணால் கண்ட பிரான்சிஸ் பெர்க்கின்ஸ், பின்னர் 1933இல் அந்நாட்டின் தொழில்துறைச் செயலர் ஆனார். அமைச்சரவையில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. தீக்குப் பின் நியூயார்க் மாநிலம் அமைத்த விசாரணைக் குழுவால் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் பல பிறந்தன. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் அரசமைப்புத் திருத்தமும் 1920இல் நிறைவேறியது.

இவை யாவும் மெய்யான நன்மைகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவது நன்றி மறத்தலாகும். இந்நன்மைகளின் நடுவே கள்வரின் குரல் எங்கே எழுந்தது என்பதை இனிக் காண்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. எனினும் கால் நூற்றாண்டுக்குள் தென் மாநிலங்களில் வெள்ளையர் ஆதிக்கம் சட்ட உருவில் மீண்டு வந்தது. 1890இல் மிசிசிப்பி மாநிலம் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு ஆகியவற்றால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. பிற தென் மாநிலங்கள் பின்பற்றின. 1896இல் நாட்டின் உச்சநீதி மன்றமே தனித்தனிப் புகைவண்டிப் பெட்டிகளைச் சட்டப்படி சரியென்று தீர்த்தது. கும்பல் கூடி மனிதரை மரத்தில் தூக்கிலிடும் கொலைகள் ஆண்டுதோறும் நிகழ்ந்தன. சீர்திருத்தம் பேசியோரிடம் இவ்வாதிக்கத்தார் வைத்த கோரிக்கையின் சாரம் இதுதான்: நீங்கள் எதை வேண்டுமானாலும் திருத்திக் கொள்ளுங்கள், இம்மக்களை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள். இது ஆசாரியர் காட்டிய கள்வரின் குரலன்றி வேறென்ன? அக்குரலுக்கு நால்வகையாகக் கொடுக்கப்பட்டனர்.

முதலாவது, அன்பரைக் கொடுத்தல். பிரெடரிக் டக்ளஸ் என்பார் அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி, நாடறிந்த பேச்சாளராய் உயர்ந்தவர். 1848இல் செனிக்கா பால்ஸ் என்னும் ஊரில் பெண்கள் தம் உரிமைக்காக முதன்முதல் மாநாடு கூட்டியபோது, வாக்குரிமைத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர் அவர். வாக்குரிமை இயக்கத்தின் தலைவியாகிய சூசன் பி. அந்தோணியுடன் இடையே கருத்து வேறுபாடு எழுந்தபோதும் நட்பு நிலைத்தது. 1895இல் அவ்வியக்கத்தின் மாநாடு தென்னாட்டு அட்லாண்டாவில் கூடியது. தென்னாட்டு வெள்ளைப் பெண்களின் மனம் கோணலாகாது என்று அஞ்சி, அங்கே வரவேண்டாமென அந்தோணி அம்மையார் தம் நண்பர் டக்ளசைக் கேட்டுக் கொண்டார். அதனை அம்மையாரே தம்மிடம் கூறியதாக ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்துள்ளார்.

அந்தோணி அம்மையார் இனவெறி கொண்டவர் என்று எவரும் எண்ண வேண்டா. வெல்ஸ் அவர் இல்லத்தில் விருந்தினராய் இருந்தபோது, கறுப்பினப் பெண்ணுக்கு எழுதித் தர மறுத்த தம் எழுத்தாளியை அம்மையார் வேலையினின்றே நீக்கிவிட்டார். வீட்டில் அத்துணை நேர்மை. மாநாட்டில் இத்துணை அச்சம்! நீங்கள் செய்தது இயக்கத்துக்கு ஆதாயம் தந்திருக்கலாம், ஆனால் அப்பெண்களின் ஒதுக்கும் மனப்பான்மையை உறுதிப்படுத்தி விட்டீர்கள் என்று வெல்ஸ் பணிவோடும் துணிவோடும் அவரிடம் கூறினார். டக்ளசோ மனங்கசந்து விலகவில்லை. அம்மாநாடு முடிந்த சில நாட்களில், பிப்ரவரி 20ஆம் நாள், வாஷிங்டனில் பெண்கள் பேரவையின் கூட்டத்தில் கலந்து கொண்டு வீடு திரும்பிய மாலையில் அவர் உயிர் நீத்தார்.

இரண்டாவது, நொதுமலரைக் கொடுத்தல். இங்கே வெறுப்பு வேண்டுவதில்லை. பாராமை ஒன்றே போதும். கரோலினா மாநிலங்களின் பஞ்சாலைகளில் வெள்ளைச் சிறுவர் சிறுமியர் இரவும் பகலும் உழைத்தனர். நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டும் டாஃபிங் வேலைக்குச் சிறு கைகளையே முதலாளிகள் விரும்பினர். அவ்வேலையை யான் வயது வந்தபின் செய்திருக்கிறேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்குவது எத்தகையது என்பதையும், எட்டு மணி நேரம் நின்றபின் கால்கள் எவ்வாறிருக்கும் என்பதையும் அறிவேன். பத்து வயதுக் குழந்தைக்கு அது என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே உள்ளம் நடுங்குகின்றது.

1904இல் தேசியச் சிறுவர் உழைப்புக் குழு தோன்றியது. 1908 முதல் லூயிஸ் ஹைன் என்பார் அக்குழுவுக்காக ஆலைதோறும் சென்று அக்குழந்தைகளைப் புகைப்படமாக்கினார். 1916இல் சட்டம் வந்தது. 1918இல் உச்சநீதி மன்றம் அதனைத் தள்ளியது. 1938இல்தான் நிலையான சட்டம் வந்தது. இவற்றுள் எதுவும் வயலில் உழைத்த குழந்தையை ஆலைக் குழந்தையோடு சமமாக வைத்துக் காக்கவில்லை. எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! ஆலையில் ஒரு குழந்தை நூற்ற அதே பருத்தியை வயலில் மற்றொரு குழந்தை பறித்தது. அது பெரும்பாலும் கறுப்பினக் குழந்தை. ஏழை வெள்ளைக் குடியானவர் குழந்தைகளும் உண்டு. நூற்ற கையைக் கண்ட சட்டம் பறித்த கையைக் காணவில்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வயற்கூலிகளையும் வீட்டு வேலைக்காரரையும் வெளியே நிறுத்திற்று. அதற்குக் கூறப்பட்ட காரணம் எதுவாயினும், தென்னாட்டுக் கறுப்பின மக்கள் பெரும்பாலும் அவ்விரு வேலைகளிலேயே இருந்தனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. வீட்டு வேலை செய்வார்க்குக் குறைந்த அளவுக் கூலிச் சட்டம் 1974இல்தான் எட்டியது. இன்றும் அந்நாட்டில் வயல் வேலைக்கான வயது வரம்பு பிற வேலைகளுக்கு உள்ளதினும் தாழ்ந்தே இருக்கின்றது.

மூன்றாவது, பகைவரைக் கொடுத்தல். தொழிற்சங்கங்கள் தொழிலாளரைக் காக்கப் பிறந்தவை. ஆயினும் 1882இல் சீனத் தொழிலாளர் அந்நாட்டில் நுழைவதைத் தடுத்த சட்டத்தை அவை வற்புறுத்தி வரவேற்றன. 1902இல் அது நீட்டிக்கப்படவும் முன்னின்று உழைத்தன. அமெரிக்கத் தொழிற்சங்கப் பேரவையின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் தாமும் லண்டனில் பிறந்து குடியேறியவரே. சீனன் குறைந்த கூலிக்கு உழைக்கின்றான், ஆதலின் அவன் நம் பகைவன் என்றனர். அவனைச் சங்கத்தில் சேர்த்து அவன் கூலியையும் உயர்த்தலாமே என்று எண்ணியவர் சிலரே. அச்சட்டம் 1943 வரை நீங்கவில்லை.

கறுப்பினத் தொழிலாளர்க்கும் பல சங்கங்கள் கதவடைத்தன. அதன் விளைவு என்ன? 1904இல் சிகாகோ இறைச்சித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் கறுப்பினத்தவரை அழைத்து வந்து வேலையில் அமர்த்தினர், வேலைநிறுத்தம் தோற்றது. எங்கும் நுழைய விடப்படாதவன், நுழைய ஒரு வழி கிடைத்தபோது நுழைந்தான். உடனே அவனுக்குத் துரோகி என்று பெயர் சூட்டினர். நாம் வெளியே தள்ளிய ஒருவனைப் பிறகு பகைவன் என்றழைத்து, பகைவன் என்பதாலேயே அவனைக் கொடுக்கலாம் என்று அமைதி கொள்வது எத்துணை வஞ்சகமான சுழல்! வெறுப்பு வெறுப்பால் தணியாது என்று பகவன் அருளியது வெறும் நீதிமொழியன்று; இச்சுழலைக் கண்டறிந்த அறிவின் முடிவு.

நான்காவது, தன்னையே கொடுத்தல். இதுவே விளங்கிக் கொள்ள அரியது. 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்கெனத் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. ஜேன் ஆடம்சும் புளோரன்ஸ் கெல்லியும் அதன் தொடக்கத்தில் துணை நின்றனர். ஜான் டூயியும் அதற்கு அடிகோலிய மாநாட்டில் பேசினார். அச்சங்கத்தின் இதழாகிய 'கிரைசிஸ்' என்பதை நடத்தியவர் பேரறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். பின்னாளில், 1946இல், நம் பாபாசாகேப் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டதும் இவரிடமே. முதல் உலகப் போர் நடந்தபோது, 1918 ஜூலைத் திங்களில் டு பாய்ஸ் ஒரு தலையங்கம் தீட்டினார். போர் முடியும் வரை நம் தனிக் குறைகளை மறந்து வெள்ளையரோடு தோள் சேர்ந்து நிற்போம் என்பது அதன் கருத்து. 3,50,000க்கும் மேற்பட்ட கறுப்பினத்தார் படையில் பணிபுரிந்தனர். அவர்கள் திரும்பியபோது கிடைத்த பரிசு 1919ஆம் ஆண்டுக் கோடைக் கலகங்கள். சிகாகோவில் மட்டும் 38 பேர் மாண்டனர். அவருள் 23 பேர் கறுப்பினத்தார்.

இங்கே ஓர் ஐயம் எழும். போதிசத்துவர் பசித்த புலிக்குத் தம் உடலையே ஈந்தார் என்று கேட்டிருக்கின்றோமே. தன்னைக் கொடுப்பது பேரறமன்றோ? ஆம், அன்பர்களே. ஆனால் போதிசத்துவர் தம் உயிர் மற்றவர் உயிரினும் மதிப்பிற் குறைந்தது என்று எண்ணிக் கொடுத்தாரல்லர். ஆசாரியர் கூறும் பிக்குவோ நால்வருள் ஒருவரை விலை குறைத்து வைக்கின்றார். அவ்வொருவர் தாமே என்பதால் அது சமநோக்கு ஆகிவிடாது. தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தாழ்ந்தவன் என்று நம்பும்படி பழக்கப்பட்ட ஒருவன், 'நான் பிறகு பெற்றுக் கொள்கிறேன். முதலில் நீங்கள்' என்று ஒதுங்குவதைத் தியாகம் என்று உலகம் புகழும். அது தியாகமா, பழைய தளையின் புதிய பெயரா என்று அவன்தான் தன் நெஞ்சைக் கேட்டறிய வேண்டும். மைத்திரி தியானம் 'நான் நலமுறுக' என்று தன்னிடமிருந்தே தொடங்குவது ஏன் என்பதும் இங்கே விளங்கும்.

இனி மறுதரப்பின் வாதத்தைக் கேட்போம். அதனைக் கேளாமல் தீர்ப்பளித்தல் நேர்மையாகாது. அவ்வாதத்தின் மிக உயர்ந்த வடிவம் ஜேன் ஆடம்சின் வாழ்விலேயே உள்ளது. 1912 ஆகஸ்டுத் திங்களில் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சி என்னும் புதிய கட்சியின் மாநாட்டைச் சிகாகோவில் கூட்டினார். சிறுவர் உழைப்பு ஒழிப்பு, பெண்கள் வாக்குரிமை, குறைந்த அளவுக் கூலி, முதுமைக் காப்பு என்று ஆடம்ஸ் இருபதாண்டுகளாகக் கனவு கண்டவை யாவும் அக்கட்சியின் திட்டத்தில் இடம் பெற்றன. ஆனால் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளை ஏற்க ரூஸ்வெல்ட் இசையவில்லை. இன சமத்துவம் பற்றி டு பாய்ஸ் வரைந்தனுப்பிய தீர்மானமும் தள்ளப்பட்டது.

ஆடம்ஸ் வருந்தினார், வாதாடினார், பயனில்லை. அடிமை முறையை எதிர்த்த தம் தந்தையார் இத்தகைய மாநாட்டில் இருந்திருப்பாரா என்று தம்மைத் தாமே கேட்டுக் கொண்டார். இறுதியில் அங்கேயே நின்று, ரூஸ்வெல்ட்டின் பெயரை வழிமொழிந்தார். பின்னர் கறுப்பின மக்களின் இதழாகிய 'கிரைசிஸ்' ஏட்டிலேயே தம் முடிவுக்குக் காரணம் கூறிக் கட்டுரை எழுதினார். ஆலையில் நசுங்கும் குழந்தைகள் காத்திருக்க முடியுமா? வந்த வாய்ப்பை ஒரு குறைக்காகத் தள்ளிவிடுவதா? இதுவே அவ்வாதத்தின் உயிர். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது.

பயனை வைத்து இதனை அளப்போர் உண்டு. அந்த அளவுகோலையும் எடுத்துப் பார்ப்போம். தென்னாட்டு வெள்ளையரைக் கவரும்பொருட்டுக் கறுப்பினத்தவரைக் கைவிட்ட ரூஸ்வெல்ட், அத்தேர்தலில் தென் மாநிலம் ஒன்றையேனும் வெல்லவில்லை. அக்கட்சியால் தள்ளப்பட்ட டு பாய்ஸ், உட்ரோ வில்சனை நம்பி ஆதரித்தார். வில்சனின் ஆட்சியோ 1913இலேயே அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைத் தனியே பிரித்து வைக்கத் தொடங்கியது. பெண்கள் வாக்குரிமைத் திருத்தம் மாநிலங்களின் முன் வந்தபோது, முன்பு பிரிந்து போரிட்ட 11 தென் மாநிலங்களுள் 3 மட்டுமே 1920க்குள் அதனை ஏற்றன. மிசிசிப்பி ஏற்றது 1984இல்! இத்தனைக்கும் கால் நூற்றாண்டுக் காலம் தென்னாட்டாரை மனங்குளிரச் செய்ய இயக்கம் முயன்றிருந்தது.

ஆயினும் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். திருத்தம் நிறைவேறுவதற்குத் தேவைப்பட்ட 36ஆம் மாநிலமாக ஏற்றது டென்னசி. அதுவும் ஒரு தென் மாநிலமே. ஆதலின் கொடுத்ததால் ஒன்றுமே கிட்டவில்லை என்று ஆணையிட்டுக் கூற முடியாது. அறத்தை இலாபக் கணக்கால் நிலைநாட்டப் புகுந்தால் இந்த இக்கட்டே நேரும். ஒரு நாள் கணக்கு மாறும், அன்று அறமும் மாறிவிடும். தம்மம் வேறிடத்தில் கால் ஊன்றுகின்றது. வாங்கியது எது என்று அது கேட்கின்றது. 1920இல் கிடைத்த வாக்குரிமை தென்னாட்டுக் கறுப்பினப் பெண்ணின் கைக்கு 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை பெரும்பாலும் வந்து சேரவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள்! அன்று இருபது வயதுப் பெண் அறுபத்தைந்து வயதுக் கிழவியானாள். 'பெண்களுக்கு வாக்குரிமை' என்று எழுதியவர்கள் அவளைப் பெண் என்று எண்ணவில்லையா?

அப்படியானால் எல்லார்க்கும் ஒருங்கே கிட்டும் வரை எவர்க்கும் எதுவும் செய்யாதிருப்பதா? அதுவும் தம்மமன்று. ஓடம் சிறியது, ஒருமுறை பத்துப் பேரையே ஏற்ற இயலும். பத்துப் பேரை ஏற்றிச் செல்பவன் குற்றவாளியல்லன். கரையில் நிற்பவனிடம் திரும்பி வருவேன் என்று கூறி, சொன்னபடி திரும்பி வருபவன் நல்ல ஓடக்காரன். பதினொன்றாமவன் ஏறினால் நாங்கள் ஏறமாட்டோம் என்று சிலர் சொல்ல, அவர்தம் கூலிக்காக அவனைக் கரையிலிருந்தே விரட்டுபவன் வேறு வகையினன். முன்னவனிடம் இருப்பது இயலாமை. பின்னவன் செய்தது கொடுத்தல். புறத்தே இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பதினொன்றாமவன் இரு நிலையிலும் கரையில்தான் நிற்கின்றான். ஆயினும் ஒன்றில் அவனுக்குத் துணை உண்டு, மற்றொன்றில் இல்லை.

இரண்டையும் பிரித்தறிய மூன்று வினாக்கள் எனக்குத் துணையாகின்றன. ஒன்று: பின்னே நிறுத்தப்படுவோர் அம்முடிவு செய்யப்பட்ட அவையில் இருந்தனரா, பேச விடப்பட்டனரா? இரண்டு: பணி நிறைவேறவில்லை, இன்னார் இன்னும் கரையில் நிற்கின்றனர் என்று வெற்றி விழாவிலேயே வாய்திறந்து சொன்னார்களா? மூன்று: பெற்ற நன்மை, பெறாதவனை மேலும் அழுத்தும் கருவியாக மாறுமா? 1912இன் சிகாகோ மாநாடு முதல் வினாவிலேயே வீழ்ந்தது. 1920இன் வெற்றி இரண்டாம் வினாவில் வீழ்ந்தது. சங்கங்களின் சீன விலக்கு மூன்றிலும் வீழ்ந்தது.

கொடாமல் நிற்க ஒருவரால் இயலுமா என்றால், இயலும். 1913 மார்ச்சு 3ஆம் நாள், வில்சன் பதவியேற்பதற்கு முதல்நாள், வாஷிங்டன் நகரில் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் சென்றனர். சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்கென வாக்குரிமைச் சங்கம் நிறுவியிருந்த ஐடா வெல்ஸ் இல்லினாய் மாநில அணியோடு நடக்க வந்தார். தென்னாட்டார் விரும்பார், நீர் கறுப்பினப் பெண்களோடு பின்னே நடந்து வாரும் என்றனர். வெல்ஸ் மறுத்தார். கலகம் செய்யவில்லை, வீடு திரும்பவுமில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தினூடே காத்து நின்று, இல்லினாய் அணி வந்ததும் இறங்கி அதனோடு நடந்தார். அவ்வணியின் வெள்ளைப் பெண்கள் இருவர் அவருக்கு இருபுறமும் உடன் நடந்தனர்.

அன்று ஊர்வலத்தின்மீது தெருவில் நின்ற ஆடவர் கும்பல் பாய்ந்தது. பெண்கள் இழுத்துத் தள்ளப்பட்டனர். கறுப்பினப் பெண்ணைப் பின்னே நிறுத்தச் சொல்லி யாருடைய மனத்தைக் குளிர்விக்க முயன்றார்களோ, அத்தகைய ஆதிக்க மனத்துக்கு வெள்ளைப் பெண்ணும் இரையே ஆயினாள். வெல்ஸ் பிறரைக் கொடுக்கவில்லை; தம்மையும் கொடுக்கவில்லை. உடன் நடந்த அவ்விருவரும் ஒருவரையும் கொடுக்கவில்லை. சீமாசம்பேதம் என்பதற்குப் பொருள் கேட்பார்க்கு அம்மூவரின் நடையைக் காட்டலாம்.

நாம் தம்மத்தை ஏற்றவர்கள். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. நெடுங்காலம் கொடுக்கப்பட்டவராகவே இருந்த நமக்கு, கொடுப்பவராக ஆகும் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடலாகாது. டக்ளசை வரவேண்டாம் என்றவரும் உரிமையிழந்து தவித்தவரே. நம் சங்கத்தின் கூட்டங்களில் பெண்கள் எங்கே அமர்கின்றனர்? நம்மினும் எளியரான துப்புரவுத் தொழிலாளரைப் பற்றி நம் தீர்மானங்கள் என்ன சொல்கின்றன? உட்பிரிவு பார்த்து மணம் பேசும் வழக்கம் நம் இல்லங்களை விட்டு நீங்கிற்றா? மற்றவர் மதிப்பைப் பெறும்பொருட்டு நம்முள் யாரையேனும் பின்னே நடக்கச் சொல்லியிருக்கின்றோமா?

அடுத்த உபோசத நாளன்று, விளக்கேற்றி மைத்திரி பயிலும்போது, அன்பர்கள் ஆசாரியர் கூறிய நால்வரையும் மனத்தின் முன் அமர்த்திப் பாருங்கள். பெயர் தெரிந்த மனிதர்களாகவே அமர்த்துங்கள். பிறகு கள்வர் வந்து கேட்பதாக எண்ணுங்கள். உள்ளம் யார் பக்கம் கை நீட்டுகின்றது என்று பாருங்கள். முதல் நாளிலேயே அது ஒருவரைச் சுட்டிவிடும். அதற்காகச் சோர வேண்டா. சுட்டப்பட்ட அவ்வொருவரிடமிருந்தே மறுநாள் தியானத்தைத் தொடங்குங்கள். மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டுங்கள்.